மார்க்கெட்டுக்கு வராத எங்கள் கேசட்

எண்பதுகளின் ஆரம்பம். பழவேற்காடு ஏரிக்குள்ளே, பசியாவரத்தையும் தாண்டி இருக்கிற ஒரு சின்னத் தீவுக் குப்பத்தில் இது நடந்தது. எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். விடியற்காலையில் என் அப்பா, நாங்கள் நைனா என்போம், அவர் வலையில் பட்டதைக் கூடையில் வாரிக்கொண்டு, படகேறி, பழவேற்காடு மார்க்கெட்டில் விற்றுவிட்டு வருவதுதான் என் வேலை. எங்கள் தீவுக்குக் கரன்ட் கிடையாது, பாலம் கிடையாது. எங்கள் ஆம்பிளைகள் தண்ணீரில் நின்று வலை போடுகிறவர்கள், யாருக்கும் சொந்தப் படகு கிடையாது. அக்கரைக்குப் போக ஒரே ஒரு படகு. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அக்கரையில் வசதியான மனிதர். எப்போதும் வெள்ளை வேட்டியில்தான் இருப்பார்.

அந்தப் படகில் மீன் கூடைக்காரிகளுக்குக் கடைசி இடம்தான். முதல் நடையில் வியாபாரிகள், ஆபீசுக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள். இரண்டாவது நடையில் மூட்டை முடிச்சு. நாற்றம் அடிக்கிறது, ஈரம் சொட்டுகிறது என்று சொல்லி எங்களை மூன்றாவது நடைக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும். எறா, அதுதான் இறால், தலை கறுத்துவிடும். மார்க்கெட்டில் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போவார்கள். இரவெல்லாம் தண்ணீரில் நின்ற நைனாவிடம் வந்து என்ன சொல்வது?

என் அண்ணன் சில காலம் மெட்ராஸ் ஹார்பரில் மூட்டை தூக்கினான். அங்கே வெளிநாட்டுக் கப்பலில் வந்த ஒரு இளைஞன், முடியைச் சேவல் கொண்டை மாதிரி நிறுத்தியிருந்தவனாம், இவனுக்கு ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அண்ணன் அதைக் கொண்டுவந்து, பழவேற்காட்டில் படகுத்துறைக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் போட்டுக் காட்டினான். நானும் கூட இருந்தேன். ஒரே கூச்சல். தகரத்தைப் போட்டு அடிக்கிற மாதிரி சத்தம். ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான். இன்னொருத்தன் கிடாரைப் பிய்த்து எடுக்கிறான். பாய் காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் மட்டும் கண் இமைக்காமல் கேட்டான். முடிந்ததும் சொன்னான்:

"இவனுங்களுக்கும் பாட்டு தெரியல, நமக்கும் தெரியல. அப்புறம் இன்னா? நாமளும் போடலாம்."

அப்படித்தான் எங்கள் 'குரூப்' ஆரம்பித்தது. அண்ணன் பாமாயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கட்டையால் அடிப்பான். அவன் சிநேகிதன் மூர் மார்க்கெட்டில் பழைய கிடார் ஒன்றை வாங்கி வந்தான். இரண்டு தந்தி அறுந்திருந்தது. அந்த இடத்தில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினான். பாட ஆள் தேடினார்கள். ஆம்பிளைப் பிள்ளைகள் நாலைந்து பேர் முயற்சி செய்தார்கள். டின் சத்தத்துக்கு மேலே யார் குரலும் எழும்பவில்லை. நான் மார்க்கெட்டில் மிஞ்சியதைத் தெருத்தெருவாக "எறா, மீனு" என்று கூவி விற்கிறவள். ஒருநாள் வெறுத்துப்போய், "தள்ளுங்கடா" என்று சொல்லி அவர்கள் எழுதி வைத்திருந்ததைக் கத்தினேன். டின் அடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணன் என்னையே பார்த்தான்.

நைனாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ள இப்டி கத்துனா எவன்மா கட்டிக்குவான்?" என்றார். அடிக்கவோ தடுக்கவோ இல்லை. ஆனால் நாங்கள் பயிற்சி செய்கிற மணல்திட்டுப் பக்கம் அவர் வலை போடக்கூட வர மாட்டார்.

பாட்டெல்லாம் எங்கள் வயிற்றெரிச்சல்தான். வாரத்துக்கு ஒருநாள் வருகிற வாத்தியாரைப் பற்றி ஒன்று. மழைக்கு ஒழுகுகிற கூரையைப் பற்றி ஒன்று. எல்லாவற்றையும் விடப் பெரிய பாட்டு படகைப் பற்றியது. நான்தான் அதை ஆரம்பித்தேன். துறையில் காத்துக் கிடந்தபோது வாயில் வந்தது.

"மொத நடை யாருக்கு?" என்று நான் கேட்பேன். "கூடைக்கு!" என்று மற்றவர்கள் கத்த வேண்டும். "ரெண்டா நடை யாருக்கு?" "வேட்டிக்கு!" அவ்வளவுதான் பல்லவி.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த பாய் கடைக் கதவைச் சாத்தினார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கக் கதவிலும் சுவரிலும் சாக்கு தொங்கவிட்டார். தன்னுடைய டேப் ரெக்கார்டரில் மைக்கைச் சொருகி, "ஆரம்பிங்க" என்றார். அந்த ஒரே மத்தியானத்தில் எல்லாப் பாட்டையும் பதிவு செய்தோம். வேர்த்துக் கொட்டியது. ஒரு பாட்டில் என் குரல் உடைந்து கீச்சென்று போனது. இன்னொன்றில் கிடார்க்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகுப் பாட்டைப் பாடும்போது, வெளியே வெறும் கூடையோடு நின்றிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் காதில் விழுந்து, அவர்களும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கூடைக்கு!" என்று கத்திவிட்டார்கள். அதுவும் பதிவாகிவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்று அண்ணன் கேட்டான். பாய் தலையை ஆட்டினார். "வேணாம்பா. இதுல உசிரு இருக்குது."

பாய்க்கு வெறும் கேசட் சப்ளை செய்கிற ஆள் ஒருவர் மூலமாக, அதன் பிரதி மெட்ராஸில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் கைக்குப் போனது. அவர் ஆள் விட்டு அழைத்தார். நான், அண்ணன், அவன் சிநேகிதன் மூன்று பேரும் பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலேறிப் போனோம். என்னிடம் இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டியிருந்தேன்.

ஸ்டுடியோவில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஜில்லென்று இருந்தது. கம்பெனிக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். மெட்டு புதுசாக இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்து, "தங்கச்சி கொஞ்ச நேரம் வெளியில உக்காரட்டும்" என்றார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குடிக்கக் கலர் கொடுத்தார்கள். யாராவது உள்ளே போகும்போது கதவு திறக்கும். அப்போதெல்லாம் என் பாட்டை வேறு ஒரு பெண் பாடுவது கேட்கும். தேன் மாதிரிக் குரல். அண்ணனின் டின் இல்லை, தபேலா வாசித்தார்கள். புல்லாங்குழல் வேறு. வார்த்தையும் மாறியிருந்தது. கூடையைக் காணோம். காதலனைப் பார்க்கப் படகில் போகிற பெண்ணின் பாட்டாக அதை மாற்றியிருந்தார்கள். "முதல் நடை உனக்கு, மறு நடை நமக்கு" என்று அந்தக் குரல் குழைந்தது. நான் கலர் பாட்டிலை அப்படியே பெஞ்சின் கீழே வைத்துவிட்டேன்.

பாடி முடித்து வெளியே வந்த அந்தப் பாடகி என் பக்கத்தில் வந்து நின்றார். "உன் டேப்பைக் கேட்டேன்மா. அப்படிப் பாட எனக்கு வராது" என்றார். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் அண்ணன் மீதுதான். எப்படியாவது கேசட் வெளிவந்தால் போதும் என்று கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். பழைய பதிவை யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ரயிலில் திரும்பி வரும்போது அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

கேசட் வெளிவந்தது. அட்டையில் யாரோ ஒரு பெண் பட்டுப் பாவாடையில் படகு ஓட்டினாள். ஊரில் எல்லோரும் பாய் கடை வாசலில் கூடி ஆசையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இது நம்ம பாட்டாடா?" என்று ஒருத்தி அண்ணனைக் கேட்டாள். நைனா பாதியிலேயே எழுந்து துறைக்குப் போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அண்ணன் பாயிடம் போய், ஒரிஜினல் டேப்பை அழித்துவிடச் சொன்னான். பாய் அதை எடுத்து, பக்கத்தில் நின்ற என் கையில் வைத்தார். "கொரலு தங்கச்சியோடது. அழிக்கணும்னா அது அழிக்கட்டும்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

அந்தக் கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டு படகேறினேன். ஏரியில் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

மாசி மாதம் எங்கள் அம்மன் திருவிழா வந்தது. பாய்தான் மைக் செட். கார் பேட்டரியில் ஓடும். எங்கள் தீவுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பத்தை நட்டு, குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார். அன்றைக்குக் காலை எங்கள் நேரம், எறா அள்ள அள்ள வந்தது. பெண்கள் எல்லோரும் கூடை நிரம்ப எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினோம். திருவிழாவுக்குச் சாமான் வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். விற்றால்தான் எல்லாம்.

குத்தகைக்காரரே அன்று படகில் வந்திருந்தார். முதல் நடைக்கு எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சரி, ராத்திரி தங்கிய விருந்தாளிகள் சிலர் திரும்பிப் போகட்டும் என்று நின்றோம். படகு போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது நடையும் எங்களுக்கு இல்லை என்றார்கள். யாரோ வியாபாரியின் கருவாட்டு மூட்டைகளை ஏற்றினார்கள். நாற்றத்துக்காக எங்களை இறக்கி விடுகிறவர்கள் கருவாட்டை ஏற்றுகிறார்கள்! என்னோடு நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண், நிற்க முடியாமல் கூடை மேலேயே கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கூடையில் எறா கறுக்க ஆரம்பித்திருந்தது.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். துணிகளுக்கு அடியில் கையை விட்டு அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து பாயிடம் நீட்டினேன்.

"போடுங்க பாய்."

பாய் என்னைப் பார்த்தார். டின்னோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த என் அண்ணனைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அவன்தானே? அண்ணன் டின்னைக் கையில் எடுத்தான். பிறகு எழுந்தான். "போடுங்க பாய். வர்றது வரட்டும்" என்றான்.

ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்தது. அப்புறம் டின் சத்தம். அதற்கு மேலே என் குரல்! பாய் கடைக்குள் சாக்குக்கு நடுவில் கத்தியது இப்போது தண்ணீர் மேலே பரவிப் பக்கத்துத் தீவு வரைக்கும் போனது. "மொத நடை யாருக்கு?" என்று அது கேட்டது. துறையில் நின்ற பெண்கள் ஒரு நொடி திகைத்தார்கள். பிறகு ஒருத்தி "கூடைக்கு!" என்றாள். அடுத்த தடவை எல்லோரும் கத்தினார்கள். கர்ப்பிணிப் பெண்ணும் உட்கார்ந்தபடியே கத்தினாள்.

குத்தகைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "யார்ரா அது? நிறுத்துங்கடா!" என்றார். "ரெண்டா நடை யாருக்கு?" என்று ஸ்பீக்கர் கேட்டது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு, "வேட்டிக்கு!" என்றார்கள். கரையில் நின்ற விருந்தாளிகளே சிரித்துவிட்டார்கள். அவருடைய ஆள் ஒருவன் ஓடிவந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தான்.

பாட்டு நின்றது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது டின் சத்தம் கேட்டது. இது ஸ்பீக்கரில் வரவில்லை, என் முதுகுக்குப் பின்னால் அண்ணன் நின்று அடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பாடினேன். மைக் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

படகுக்காரன் கழியை ஊன்றிப் படகை நகர்த்தப் பார்த்தான். படகு நகரவில்லை. திரும்பிப் பார்த்தால், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது என் நைனா! நான் பாடுகிற பக்கமே வராத மனிதர். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் இறங்கினார்கள்.

"இன்னாய்யா பண்ற? வுடு படகை" என்றார் குத்தகைக்காரர்.

"வுடறேன். மூட்டையை எறக்கு. என் பொண்ணு கூடை ஏறட்டும், எல்லாக் கூடையும் ஏறட்டும். அப்பால வுடறேன்" என்றார் நைனா. குரலை உயர்த்தவே இல்லை.

குத்தகைக்காரர் சுற்றிலும் பார்த்தார். தண்ணீரில் ஆம்பிளைகள், கரையில் பெண்கள், திருவிழாவுக்கு வந்த வெளியூர் ஜனம் வேறு. நான் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று பயமாக இருந்தது. கடைசியில் அவர் கையை அசைத்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கர்ப்பிணிப் பெண்ணின் கூடையைத்தான் முதலில் ஏற்றினோம். அன்று மார்க்கெட்டில் பாதி எறா கறுத்துத்தான் போயிருந்தது. ஆனால் அக்கரை போய்ச் சேரும்வரை நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எந்த எறாவுக்கும் மாற்ற மாட்டேன்.

மறுநாள் ஊர்ப் பெரியவர்களும் பக்கத்துத் தீவுக்காரர்களும் சேர்ந்து போய் குத்தகைக்காரரிடம் பேசினார்கள். அன்றிலிருந்து காலையில் முதல் நடை மீன் கூடைகளுக்குத்தான். பாலம் வந்த ஊர்கள் உண்டு, வராத ஊர்கள் உண்டு. எங்கள் துறையில் அந்த வழக்கம் மாறவே இல்லை.

அதற்குப் பிறகு பாய் கடையில் கூட்டம். "அந்தப் பொண்ணு கத்துற கேசட்டு" என்று கேட்டு வந்தார்கள். வெறும் கேசட்டைக் கொடுத்தால் பாய் அதில் பதிந்து கொடுப்பார். காட்டூர் பக்கம் நெல் நடுகிற பெண்கள்கூட 'கூடை'க்குப் பதில் வேறு எதையோ போட்டுப் பாடுவதாகக் கேள்விப்பட்டேன். நைனாவும் ஒரு கேசட் வாங்கிப் பதிந்துகொண்டு வந்தார். எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரே கிடையாது. "இருக்கட்டும்மே" என்று மட்டும் சொல்லி, பானைக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

செய்தி மெட்ராஸுக்கும் போயிற்று. கம்பெனிக்காரரே ஒருநாள் நேரில் வந்தார். காலையிலேயே அக்கரைக்கு வந்துவிட்டாராம். ஆனால் கூடைகளை ஏற்றிவரப் போன படகு திரும்பும்வரை துறையில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. வந்ததும் சண்டை போடுவார் என்று அண்ணன் பயந்தான். அவர் சண்டை போடவில்லை. ஒரிஜினலையே வெளியிடலாம், என் பெயரையும் படத்தையும் அட்டையில் போடலாம் என்றார். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். என் முகம் கடையில் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். "ஒண்ணே ஒண்ணு மட்டும்மா" என்றார் அவர். "அந்தப் படகுப் பாட்டுல பின்னாடி பொம்பளைங்க கத்துறது வேணாம், வேட்டினு வர்ற வரியும் வேணாம். பெரிய மனுஷங்க சங்கடப்படுவாங்க. மத்தது அப்படியே இருக்கட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லு" என்றான்.

"அப்டினா வேணாம் சார்" என்றேன். "உங்களுக்குக் கேக்கணும்னா ஒரு வெறும் கேசட்டு வாங்கிட்டுப் போங்க. பாய் பதிஞ்சு குடுப்பாரு."

அவர் சிரித்துவிட்டார். தோற்றவர் சிரிக்கிற சிரிப்பாக அது தெரியவில்லை, நிஜமாகவே சிரித்தார். போகும்போது பாய் கடையில் ஒரு கேசட் பதிந்து வாங்கிக்கொண்டுதான் போனார். எங்கள் மீது எந்த வழக்கும் வரவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது. கேசட்டைக் கேட்டுவிட்டுத்தான் பெண் கேட்டு வந்தார் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார். நாங்கள் அதற்கப்புறம் எதையும் பதிவு செய்யவில்லை. அண்ணன் சொந்தமாகப் படகு வாங்கினான். கிடார்க்காரன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். எங்கள் ஒரிஜினல் எந்தக் கடையிலும் அட்டை போட்டு விற்கப்பட்டது இல்லை. கம்பெனி வெளியிட்டதை இன்று யாருக்கும் நினைவில்லை.

இப்போதும் பேங்கிலோ ஆஸ்பத்திரியிலோ வரிசையில் நிற்கும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று யாராவது என்னை ஒதுக்கப் பார்த்தால், எனக்கு முன்பே என் தொண்டை "மொத நடை யாருக்கு?" என்று கேட்கத் தயாராகிவிடுகிறது.